பூச்சிகளும் வெப்பநிலையும்: ஓர் ஆயுளில் நெகிழ்வதும் தலைமுறைகளில் மாறுவதும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

கோடை ஆண்டுக்கு ஆண்டு கடுமையாகும்போது, “பூச்சிகள் எப்படியும் பழகிக்கொள்ளும்” என்ற பேச்சு வகுப்பறையிலும் வயலிலும் அடிக்கடி காதில் விழுகிறது. ‘பழகுதல்’ என்ற அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு வேறு நிகழ்வுகள் ஒளிந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்காவிட்டால் எந்தப் பூச்சி தப்பும், எது தப்பாது என்று பேசவே முடியாது. மாணவர்களும் பட்டுப்புழு வளர்ப்போரும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். வெப்பநிலைகள் அனைத்தும் செல்சியஸ் அளவில் உள்ளன.

பூச்சிகளுக்கு வெப்பநிலை ஏன் இவ்வளவு முக்கியம்?

மனித உடல் வெயிலிலும் பனியிலும் ஏறத்தாழ 37 டிகிரியில் நிலைத்து நிற்கிறது. பெரும்பாலான பூச்சிகளுக்கு அந்த ஏற்பாடு கிடையாது. அவை உட்கார்ந்திருக்கும் இலையும் மண்ணும் எவ்வளவு சூடோ, அவற்றின் உடலும் ஏறத்தாழ அவ்வளவு சூடாக இருக்கும். ஆகவே செரிமானம், வளர்ச்சி, பறத்தல், முட்டையிடுதல் ஆகிய எல்லாமே வெப்பநிலையின் வேகத்தில்தான் நடக்கின்றன. கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றி மொய்க்கும் சின்னஞ்சிறு ஈயான டிரோசோபிலா மெலனோகாஸ்டர், 25 டிகிரியில் முட்டையிலிருந்து முழு ஈயாக வளர ஏறத்தாழ 10 நாள் எடுத்துக்கொள்கிறது. 18 டிகிரியில் அதே வளர்ச்சிக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு நாள் பிடிக்கிறது. (மாம்பழத்தையும் கொய்யாவையும் துளைத்துப் புழு வைக்கும் பழ ஈ வேறு குடும்பத்தைச் சேர்ந்தது, இரண்டையும் ‘பழ ஈ’ என்றே சொல்வதால் குழப்பம் நேர்கிறது.) தேனீக்கள் இதற்கு விலக்கு. சிறகடித்துக் காற்று வீசியும், நீர்த்துளிகளைப் பரப்பி ஆவியாக்கியும், தசைகளை அதிரவைத்துச் சூடேற்றியும் புழுக்கள் வளரும் அடையை 34 முதல் 36 டிகிரிக்குள் அவை காத்துவருகின்றன.

நெகிழ்வுக்கும் மரபு மாற்றத்துக்கும் என்ன வேறுபாடு?

ஒரு தாய் ஈ இட்ட முட்டைகளை இரண்டு பங்காக்கி, ஒரு பங்கை 18 டிகிரியிலும் மறு பங்கை 28 டிகிரியிலும் வளர்த்தால், குளிரில் வளர்ந்தவை பெரியவையாக, அகன்ற சிறகுகளோடு வெளிவரும். அவற்றுள் பெண் ஈக்களின் வயிற்றுப் பகுதி கருமை கூடியிருக்கும். மரபணுக்கள் ஒரே தாயிடமிருந்து வந்தவைதான்; வளர்ந்த சூழல்தான் வேறு. கருத்த பெண் ஈயின் முட்டைகளை எடுத்து 28 டிகிரியில் வளர்த்தால், பிள்ளைகள் மீண்டும் சிறியவையாகவும் வெளுத்தவையாகவும் பிறக்கும். இதுவே நெகிழ்வு.

மரபு மாற்றம் அப்படிப்பட்டதன்று. அதில் எந்தத் தனி ஈயும் மாறுவதில்லை. வெப்பத்தைத் தாங்கும் மரபணு வடிவத்தைக் கொண்டவை கூடுதலாகப் பிழைத்துக் கூடுதலாக முட்டையிட, சில தலைமுறைகளில் அந்த வடிவம் கூட்டம் முழுவதிலும் பெருகுகிறது. முந்தையது ஓர் உயிரின் ஆயுளுக்குள் நடப்பது; பிந்தையது பிறப்பும் இறப்பும் வழியாக ஒரு கூட்டத்தில் நடப்பது. இவற்றோடு மூன்றாவதாக ஒன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும்: எவ்வளவு நெகிழலாம் என்ற திறனும் மரபாகவே வருகிறது, ஆகவே அந்தத் திறனும் பரிணமிக்கக் கூடியது.

நெகிழ்வு எவ்வளவு விரைவாக வேலை செய்யும்?

சில நிமிடங்களிலிருந்து ஓர் ஆயுள் வரை எல்லா அளவிலும் செய்யும். இறைச்சி ஈ ஒன்றை நேராக மைனஸ் 10 டிகிரிக்குக் கொண்டுபோனால் அது செத்துவிடும். முன்னதாகச் சிறிது நேரம் 0 டிகிரியில் வைத்துவிட்டு அதே குளிருக்குக் கொண்டுபோனால் தாங்கிவிடும். அமெரிக்காவில் 1987-ஆம் ஆண்டு வெளியான இந்த ஆய்வு, குளிருக்கு ஆயத்தமாகப் பூச்சிக்கு வாரக்கணக்கில் அவகாசம் வேண்டும் என்ற பழைய எண்ணத்தை மாற்றியது.

வெப்பத்தின் பக்கம் நடந்த கண்டுபிடிப்பு இன்னும் பழையது. ஒருநாள் இத்தாலிய விஞ்ஞானி ஃபெருச்சோ ரிட்டோசாவின் ஆய்வுக்கூடத்தில், ஈப்புழுக்கள் வைத்திருந்த பெட்டியின் வெப்பநிலையை உடன் பணிபுரிந்தவர் ஒருவர் தெரியாமல் கூட்டிவிட்டார். அந்தப் புழுக்களின் உமிழ்நீர்ச் சுரப்பியில் உள்ள பெரிய குரோமோசோம்களை நுண்ணோக்கியில் பார்த்தபோது, வழக்கமில்லாத இடங்களில் அவை உப்பியிருந்தன. மரபணுக்கள் முழு மூச்சில் வேலை செய்யும் இடங்களே அப்படி உப்பும். 1962-இல் ரிட்டோசா இதை வெளியிட்டார். அந்த மரபணுக்கள் உண்டாக்கும் ‘வெப்ப அதிர்வுப் புரதங்கள்’ பின்னர் அடையாளம் காணப்பட்டன. சூட்டில் மடிப்புக் குலைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் மற்றப் புரதங்களைத் தாங்கிப்பிடித்து, மீண்டும் சரியாக மடியவைப்பது இவற்றின் வேலை. பாக்டீரியாவிலும் நெற்பயிரிலும் மனிதனிடமும் இவை உண்டு என்பது இந்தத் துறையில் நான் மிகவும் வியக்கும் செய்தி.

அவ்வளவு பயனுள்ள புரதத்தைப் பூச்சிகள் எப்போதும் ஏன் உண்டாக்கி வைத்துக்கொள்வதில்லை?

செலவு அதிகம் என்பதால்தான். ஒரு செல் தன் ஆற்றலையும் மூலப்பொருளையும் இந்தப் புரதத்துக்குக் கொடுக்கும்போது வளர்ச்சிக்கான புரதங்கள் குறைகின்றன. இந்த மரபணுவின் கூடுதல் நகல்களைப் புகுத்திய டிரோசோபிலா புழுக்கள் கடும் வெப்பத்தை நன்றாகத் தாங்கின என்றாலும், வளர்ச்சியிலும் பிழைப்பிலும் பின்தங்கின.

ஆனால் ஆபத்து எப்போது வரும் என்று முன்கூட்டியே உறுதியாகத் தெரிந்தால் கணக்கு மாறிவிடும். சகாரா பாலைவனத்தின் வெள்ளி எறும்பு, பல்லிகள் வெயிலுக்கு ஒதுங்கிவிடும் நண்பகலில் சில நிமிடங்கள் மட்டும் வெளியே ஓடி, சூட்டில் செத்துக் கிடக்கும் பூச்சிகளைப் பொறுக்கிவரும். அதன் உடல் 50 டிகிரியைக் கடந்த வெப்பத்தையும் சிறிது நேரம் தாங்கும். வெயில் சுட்ட பிறகு புரதம் தயாரிக்க அதற்கு நேரம் இருக்காது. ஆகவே புற்றிலிருந்து புறப்படுவதற்கு முன்பே அதன் உடலில் அந்தப் புரதம் சேர்ந்திருக்கிறது. முதுகை மூடியிருக்கும் வெள்ளி நிற மயிர்கள் ஒவ்வொன்றும் குறுக்குவெட்டில் முக்கோண வடிவம் கொண்டவை. அவை வெயிலைத் திருப்பி அனுப்புவதோடு, உடற்சூடு வெளியேறவும் வழி செய்கின்றன.

தாய் அனுபவித்த வெப்பம் பிள்ளையைப் பாதிக்குமா?

பாதிக்கும். இதற்குப் பட்டுப்பூச்சியை விடத் தெளிவான சான்று இல்லை. ஆண்டுக்கு இரண்டு தலைமுறை காணும் இனங்களில், ஒரு முட்டையை 25 டிகிரியில் வெளிச்சத்தில் அடைவைத்தால், அதிலிருந்து வரும் பெண் பூச்சி பின்னாளில் இடும் முட்டைகள் உடனே பொரிக்காமல் உறக்கநிலைக்குச் சென்றுவிடும். 15 டிகிரியில் இருட்டில் அடைவைத்தால், அவள் இடும் முட்டைகள் உறங்காமல் பொரித்துவிடும். தான் முட்டைக்குள் கருவாக இருந்தபோது உணர்ந்த வெப்பத்தை, புழுப் பருவமும் கூட்டுப்புழுப் பருவமும் கடந்த பிறகு, பிள்ளையின் போக்கில் தாய் காட்டுகிறாள். இதிலும் மரபணு எழுத்து ஒன்றுகூட மாறவில்லை. கருவில் வெப்பத்தை உணர்ந்து இந்தத் தொடரைத் தொடங்கிவைக்கும் புரதத்தை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2014-இல் அடையாளம் காட்டினர்.

அப்படியானால், ஒரு மாற்றம் மரபு மாற்றம்தான் என்று எப்படி உறுதி செய்கிறார்கள்?

இந்தப் பட்டுப்பூச்சிச் செய்தியே காரணம், ஆய்வாளர்கள் மிகவும் எச்சரிக்கையாக இருக்கிறார்கள். சூடான ஊரிலும் குளிர்ந்த ஊரிலும் பிடித்த பூச்சிகளை நேராக ஒப்பிட்டால் எதுவும் விளங்காது. இரண்டையும் ஒரே வெப்பநிலையில், ஒரே உணவில், இயன்றால் இரண்டு தலைமுறையாவது வளர்த்து, தாய்வழித் தாக்கம் கழிந்த பிறகு அளக்க வேண்டும். அப்போதும் வேறுபாடு நின்றால் அது மரபில் இருக்கிறது.

அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் செய்த எறும்பு ஆய்வை எடுத்துக்கொள்வோம். ஓக் மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் ஒரு கொட்டை, புளியங்கொட்டையைவிடச் சற்றுப் பெரிது. அதன் ஓட்டில் குண்டூசித் தலையளவு துளை ஒன்று இருக்கும். உடைத்துப் பார்த்தால் ராணி, வேலைக்கார எறும்புகள், வெள்ளைப் புழுக்கள் என ஒரு குடும்பம் முழுவதும் அந்த ஒரு கொட்டைக்குள் அடங்கியிருக்கும். நகரத்தின் தார்ச்சாலைகளும் கட்டடங்களும் சூழ்ந்த இடங்களிலிருந்தும், பக்கத்துக் கிராமப்புறக் காடுகளிலிருந்தும் இப்படிக் குடும்பம் குடும்பமாக எடுத்துவந்து ஆய்வுக்கூடத்தில் ஒரே வெப்பநிலையில் வளர்த்தார்கள். அங்கேயே பிறந்த எறும்புகளைச் சோதித்தபோதும் நகரத்துக் குடும்பத்தைச் சேர்ந்தவை கூடுதல் வெப்பத்தைத் தாங்கின; குளிரைத் தாங்குவதில் அவை பின்தங்கின. நகரம் வளர்ந்த ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குள் நடந்திருக்கிறது இது.

மரபு மாற்றத்துக்கு எவ்வளவு காலம் பிடிக்கும்?

நாம் நினைப்பதைவிடக் குறைவு. ஐரோப்பாவைத் தாயகமாகக் கொண்ட டிரோசோபிலா சப்ஆப்ஸ்குரா என்னும் ஈ, 1978-இல் சிலி நாட்டிலும் 1982-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலும் முதன்முறையாகக் காணப்பட்டது. மனிதர்களின் போக்குவரத்தோடு வந்து சேர்ந்த அந்த ஈ, வட அமெரிக்காவின் மேற்குக் கரை நெடுகப் பரவியது. ஐரோப்பாவில் இந்த ஈ வடக்கே செல்லச் செல்ல மரபிலேயே பெரிய சிறகு கொண்டது. அமெரிக்காவில் குடியேறிப் பத்தாண்டுகளுக்குப் பின் பார்த்தபோது அப்படி எந்த ஒழுங்கும் இல்லை. இருபதாண்டுகளுக்குப் பின் பார்த்தபோது, ஐரோப்பாவில் உள்ள அதே ஒழுங்கு அங்கேயும் உருவாகியிருந்தது. சிறகு நீண்ட விதம் மட்டும் வேறு: ஐரோப்பிய ஈக்களில் சிறகின் அடிப்பகுதி நீண்டிருந்தது, அமெரிக்க ஈக்களில் நுனிப்பகுதி நீண்டிருந்தது. ஒரே தேவையை இரண்டு கண்டங்களில் இரண்டு வழியாக இயற்கைத் தேர்வு நிறைவேற்றியிருக்கிறது. இதே ஈயின் குரோமோசோம் வடிவங்களை மூன்று கண்டங்களில் பழைய பதிவுகளோடு ஒப்பிட்ட ஆய்வு 2006-இல் வந்தது. வெப்பம் கூடிய 22 இடங்களுள் 21-இல், வெதுவெதுப்பான பகுதிகளுக்கு உரிய மரபு வடிவங்கள் பெருகியிருந்தன.

பிலடெல்பியாவில் திறந்தவெளிக் கூண்டுகளில் பழமரங்களோடு டிரோசோபிலா ஈக்களை விட்டு, கோடையிலிருந்து இலையுதிர்காலம் வரை மரபணுக்களைத் தொடர்ந்து படித்தவர்கள், நான்கே மாதங்களுக்குள் பருவத்தோடு ஒட்டி மரபு மாறுவதைக் கண்டார்கள். 2022-இல் அது வெளியானது. ஈக்கு அந்த நான்கு மாதம் ஏறத்தாழ பத்துத் தலைமுறை என்பதை மறக்கக் கூடாது.

எல்லா மாற்றமும் வெப்பத்தைத் தாங்குவதைப் பற்றியதன்று. வட அமெரிக்காவின் குடுவைச் செடியின் இலைக்குள் தேங்கும் நீரில் வாழும் ஒரு கொசுவின் புழு, பகல் நீளம் குறைவதைக் கண்டு குளிர்கால உறக்கத்துக்குச் செல்கிறது. 1972-க்கும் 1996-க்கும் இடையில், வடக்கே வாழும் இக்கொசுக்கள் இன்னும் குறுகிய பகல் வரும்வரை காத்திருப்பவையாக மரபில் மாறிவிட்டன. இலையுதிர்காலம் நீண்டுபோனதால் உறங்கும் நாளைத் தள்ளிப்போட்டவையே பெருகின.

நெகிழ்வு பரிணாமத்துக்குத் துணையா, தடையா?

இரண்டும்தான், எது என்பது சூழ்நிலையைப் பொறுத்தது. எல்லாப் பூச்சிகளும் நெகிழ்ந்தே தப்பிவிட்டால் நல்ல மரபணுவுக்கும் சாதாரண மரபணுவுக்கும் வேறுபாடு வெளிப்படாது. தேர்வு நடக்க வழியில்லை. மறுபக்கம், நெகிழ்வு இல்லாவிட்டால் முதல் கொடிய கோடையிலேயே கூட்டம் அழிந்துவிடும். பரிணமிக்க ஆளே மிஞ்சாது.

துணை என்பதற்கு நல்ல சான்று புகையிலைக் கொம்புப்புழு. இது இயல்பில் பச்சை. கறுப்பாகவே இருக்கும் ஒரு மரபுத் திரிபு வகையும் ஆய்வுக்கூடங்களில் உண்டு. அமெரிக்காவில் இரு ஆய்வாளர்கள் கறுப்புப் புழுக்களுக்கு 42 டிகிரி வெப்ப அதிர்ச்சி கொடுத்தபோது, சில புழுக்கள் ஓரளவு பச்சையாயின. நன்றாகப் பச்சையானவற்றைத் தேர்ந்து தேர்ந்து இனம் பெருக்கினார்கள். 13 தலைமுறைகளில், அதிர்ச்சி எதுவும் இல்லாமலே குளிரில் கறுப்பாகவும் வெதுவெதுப்பில் பச்சையாகவும் வளரும் புழு வந்துவிட்டது. நிறம் மாறாதவற்றையே தேர்ந்த மற்றொரு வரிசையில் நெகிழ்வு அறவே மறைந்தது. 2006-இல் வெளியான இந்த ஆய்வு, நெகிழ்வையே தேர்வின் வழியாகக் கூட்டவும் குறைக்கவும் முடியும் என்பதைக் கண்ணெதிரே காட்டியது.

நம் ஊர்ப் பூச்சிகள் வெயிலுக்குப் பழகியவைதானே, அவற்றுக்கு என்ன கவலை?

இந்தப் பக்கத்தை எழுதத் தூண்டிய கேள்வி இதுதான். பழகியவை என்பது உண்மை. அதனாலேயே கவலையும் கூடுகிறது. குளிர்நாட்டுப் பூச்சி தனக்கு மிகவும் ஏற்ற வெப்பநிலைக்குப் பல டிகிரி கீழே வாழ்கிறது. இரண்டு டிகிரி கூடினால் அதற்கு வளர்ச்சியே வேகமாகும். வெப்பமண்டலப் பூச்சியோ ஏற்கெனவே அந்த உச்சத்தை ஒட்டி வாழ்கிறது. அங்கிருந்து ஓரிரு டிகிரி கூடினாலும் சரிவு தொடங்கிவிடும். உலகெங்கும் உள்ள பூச்சிகளின் தரவுகளைத் தொகுத்து 2008-இல் வெளியான ஆய்வு இதையே சொன்னது: வெப்பம் குறைவாகக் கூடினாலும் வெப்பமண்டலப் பூச்சிகளுக்கே இழப்பு மிகுதி.

மேலும், நெகிழ்வும் மரபும் குளிரின் பக்கம் தாராளமாகவும் வெப்பத்தின் பக்கம் கஞ்சத்தனமாகவும் இருக்கின்றன. குளிரைத் தாங்கும் எல்லை இனத்துக்கு இனம் பெரிதும் வேறுபடுகிறது. வெப்பத்தின் மேல் எல்லையோ துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரை அவ்வளவாக வேறுபடுவதில்லை. மரபு வேறுபாடே இல்லாமல் போவதும் உண்டு. ஆஸ்திரேலிய மழைக்காட்டு ஈயான டிரோசோபிலா பிர்ச்சீயை, உலர்வைத் தாங்குபவற்றை மட்டும் தேர்ந்து 30 தலைமுறைக்கு மேல் இனம் பெருக்கியும், தாங்குதிறன் சற்றும் கூடவில்லை. தேர்வு செய்ய அங்கே சரக்கே இல்லை.

கொல்லாத அளவு வெப்பம் என்றால் ஆபத்து இல்லை அல்லவா?

உண்டு. உயிர் போவதற்கு முன்பே ஆண்மை போய்விடுகிறது. 43 வகை டிரோசோபிலா ஈக்களை ஆராய்ந்து 2021-இல் வெளியான கட்டுரைப்படி, அவற்றுள் ஏறத்தாழ பாதி வகைகளில், சாகடிக்கும் வெப்பத்தைவிடக் குறைந்த வெப்பமே ஆண்களை மலடாக்கியது. எந்த ஈ உலகில் எங்கே வாழ்கிறது என்பதும் இந்த மலட்டு எல்லையோடுதான் நன்றாகப் பொருந்தியது. டிரோசோபிலா மெலனோகாஸ்டரில் மிதவெப்ப நாட்டு ஆண்கள் 30 டிகிரியில் வளர்ந்தால் மலடாகின்றன. வெப்பமண்டல ஆண்கள் 31 டிகிரியில் மலடாகின்றன. இந்த ஒரு டிகிரி வேறுபாடு மரபில் வந்தது. இத்தனை காலப் பரிணாமம் சேர்த்துக் கொடுத்தது ஒரே ஒரு டிகிரி.

பூச்சியின் உடலுக்குள் வாழும் பாக்டீரியாவுக்கும் இதில் பங்கு உண்டா?

உண்டு. பட்டாணி அசுவினி தனக்கு வேண்டிய அமினோ அமிலங்களுக்கு உள்ளே வாழும் புக்னெரா என்னும் பாக்டீரியாவையே நம்பியிருக்கிறது. அந்தப் பாக்டீரியாவின் வெப்ப அதிர்வு மரபணு ஒன்றின் முன்பகுதியில் ஒரே ஓர் எழுத்து விடுபட்டிருந்தால், இளமையில் சூடுபட்ட அசுவினி பிற்பாடு குட்டி போடுவது பெரிதும் குறைந்துவிடும். குளிர்ந்த சூழலிலோ அதே அசுவினி மற்றவற்றைவிட முந்திக்கொண்டு குட்டி போடும். ஆகவே அந்தத் திரிபு அழியாமல் நிற்கிறது.

பட்டுப்புழு வளர்ப்பில் இதற்கெல்லாம் என்ன பொருள்?

மைசூர் நாட்டு இனம் போல ஆண்டு முழுவதும் தலைமுறை காணும் இனங்கள் நம் வெயிலைத் தாங்கும். ஆனால் கூடு சிறியது, நூல் குறைவு. ஆண்டுக்கு இரண்டு தலைமுறை காணும் வெண்பட்டு இனங்கள் நிறைய நூல் தரும். ஆனால் முதிர்ந்த புழுப் பருவத்துக்கு 24, 25 டிகிரி வேண்டும். இரண்டையும் கலப்பதன் நோக்கம் மரபின் வழியாக இந்த இடைவெளியைக் குறைப்பதே. கலப்பினம் எட்டாத தூரத்தை வளர்ப்பு மனை ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. சித்திரை, வைகாசியில் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் மனைகளின் சன்னல்களில் ஈரச் சாக்கு தொங்குவதும், கூரைமேல் தென்னங்கீற்று வேய்வதும் அதற்காகத்தான். முட்டை உற்பத்திக்காக வளர்ப்போருக்கு இன்னொரு கவலை உண்டு: கூடு கட்டும் நாள்களிலும் கூட்டுப்புழுப் பருவத்திலும் சூடு மிகுந்தால், ஆண் பூச்சிகள் உயிரோடு வெளிவந்தும் பொரிக்காத முட்டைகளே மிஞ்சும். புழு சாகவில்லையே என்று நிம்மதி அடைந்துவிடக் கூடாது.

நெகிழ்வை நாமே நேரில் பார்க்க முடியுமா?

மாலையில் விளக்கு வெளிச்சத்தைத் தேடி வீட்டுக்குள் வந்து சுவரில் சிறகை மூடி அமரும் பழுப்பு நிற வண்ணத்துப்பூச்சியைக் கவனியுங்கள். நெல்லையும் புல்லையும் தின்று வளரும் இனம் அது. மழைக்காலத்தில் வருவதன் சிறகின் அடிப்புறத்தில் மஞ்சள் வளையமிட்ட கண் போன்ற புள்ளிகள் வரிசையாகத் தெளிவாக இருக்கும். வறண்ட காலத்தில் வருவதில் அந்தப் புள்ளிகள் மங்கி, பூச்சி காய்ந்த சருகாகவே தோன்றும். பச்சைப் புல்லிடையே கண்புள்ளிகள் பறவையின் கொத்தைச் சிறகோரத்துக்குத் திருப்புகின்றன. சருகுகளிடையே புள்ளி இல்லாமல் மறைந்திருப்பதே பாதுகாப்பு.

இதன் உறவினமான ஆப்பிரிக்கப் பழுப்பு வண்ணத்துப்பூச்சி ஒன்றை ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகப் படித்திருக்கிறார்கள். மலாவி நாட்டில் வறண்ட காலம் வருவதற்கு முன் குளிர்கிறது. புழு அந்தக் குளிரை உணர்ந்து, கூட்டுப்புழுவில் ஹார்மோன் சுரக்கும் நேரத்தைத் தள்ளிப்போட, புள்ளிகள் சிறுக்கின்றன. குளிர்ந்தால் வறட்சி வரப்போகிறது என்ற அந்தக் கணக்கு அங்கே பொருந்தும். தமிழ்நாட்டிலோ வறண்ட மாதங்கள்தான் வெயில் மாதங்கள். வெப்பநிலையை மட்டும் நம்பும் பூச்சி இங்கே தவறான சிறகோடு வெளிவரும். ஐப்பசியில் ஒன்றும் பங்குனியில் ஒன்றும் சுவரில் அமர்ந்திருக்கும்போது படம் எடுத்து, நாளும் அன்றைய வெப்பமும் மழையும் குறித்துவைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.